மூன்றாவது ஆள்

1960-களின் நடுவில் ஒரு நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் குடியிருப்புப் பகுதிச் சாலையோரம் ஒரு ஃபோர்டு மஸ்டாங் நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரம் பஞ்சர். காற்றடைத்த ஸ்டெப்னியைக் காரின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்றாள். சக்கரம் மாற்றத் தெரியாமல் தவிக்கிறாள் என்று பார்த்த மாத்திரத்தில் புரியும். உண்மையில் அவளுக்கு எந்தத் தவிப்பும் இல்லை. யார் யார் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று எண்ணுவதற்காக ஜேம்ஸ் பிரையன், மேரி ஆன் டெஸ்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஏற்பாடு செய்த காட்சி அது.

சூட்சுமம் சுமார் 400 மீட்டருக்கு முன்னால் இருந்தது. சில நேரங்களில் அங்கே இன்னொரு கார், ஓர் ஓல்ட்ஸ்மொபைல், ஜாக்கியில் தூக்கி நிற்கும். ஒரு பெண் பார்த்துக்கொண்டிருக்க, யாரோ ஒருவர் குனிந்து அவளுக்குச் சக்கரம் மாற்றிக்கொடுப்பார். மற்ற நேரங்களில் அந்தக் கார் அங்கே இருக்காது. இரண்டு நிலையிலும் தலா 2,000 வண்டிகள் கடந்துபோகும்வரை எண்ணினார்கள். வழியில் எதையும் பார்க்காமல் வந்தவர்களில் 35 பேர் மஸ்டாங் அருகே நிறுத்தினார்கள். உதவியைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் 58 பேர். 1967-இல் இந்த ஆய்வு வெளியானது.

நாலாயிரத்தில் மொத்தமே 93 பேர்தானா என்று அலுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த இடைவெளிதான் ஆச்சரியமாக இருக்கிறது. ஓடுகிற வண்டிக்குள் இருந்து, நாலைந்து நொடி, கண்ணாடி வழியாகப் பார்த்தது மட்டும்தான். குனிந்து வேலை செய்தவரின் முகம்கூடத் தெரிந்திருக்காது. அவரால் பார்த்தவருக்குக் காலணா பயனில்லை. ஆனாலும் அடுத்த திருப்பத்துக்குள் ஏதோ மாறியிருக்கிறது.

உதவி என்றால் நாம் இரண்டு பேரைத்தான் நினைக்கிறோம்: செய்தவர், பெற்றவர். நன்றி, கைம்மாறு, புண்ணியம் எல்லாம் அந்த இருவருக்குள் முடிந்துவிடும் கணக்கு. நெரிசலான டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பள்ளிப் பையனின் தோளிலிருந்து, உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா பேச்சே இல்லாமல் பையை உருவி மடியில் வைத்துக்கொள்வார். இரண்டு இருக்கை தள்ளி, இதைப் பார்த்தபடி ஒருவர் இருப்பார். அவர் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஆனாலும் அவருக்குத் தொண்டையில் ஏதோ செய்கிறது. இங்கே நமக்கு வேண்டியவர் அந்த மூன்றாவது ஆள்தான்.

அவருக்குள் நடப்பதை முதலில் முறையாகக் கவனித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜொனதன் ஹைட். அவர் இந்த இடத்துக்கு வந்த வழி வேடிக்கையானது. அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அருவருப்பை. அழுகலையும் அசிங்கத்தையும் கண்டால் முகம் சுளிக்கும் நாம், ஒருவருடைய ஈனச் செயலைக் கேட்டாலும் அதே சுளிப்பைச் சுளிக்கிறோமே, ஏன் என்பது அவருடைய கேள்வி. இந்த ஆய்வுக்காக ஒடிசாவின் புவனேஸ்வரத்திலும் தங்கியிருக்கிறார். ஒரு கட்டத்தில் எதிர்ப்பக்கக் கேள்வி எழுந்தது: கீழான செயலுக்கு உடம்பு இப்படி எதிர்வினை காட்டுமென்றால், மேலான செயலைக் காணும்போது என்ன காட்டும்? அதுவரை பாடப்புத்தகங்களில் பயத்துக்கும் கோபத்துக்கும் அத்தியாயங்கள் இருந்தன. இதற்குப் பெயர்கூட இல்லை. 2000-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இதை ஒரு தனி உணர்ச்சியாகவே முன்வைத்தார். தமிழில் ‘மன உயர்வு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் திரட்டிய அனுபவங்களில் ஒன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தொண்டு வேலை முடித்துவிட்டுச் சிலர் காரில் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். கடும் பனி. ஒரு வீட்டு வாசலில் வயதான பெண்மணி மண்வாரியால் பனியை அள்ளிக்கொண்டிருக்கிறார். காரில் இருந்த ஓர் இளைஞன், என்னை இங்கேயே இறக்கிவிடுங்கள் என்கிறான். குறுக்குவழியில் வீட்டுக்குப் போகப்போகிறான் போல என்று நினைக்கிறாள் உடன் வந்த பெண். அவனோ நேரே போய் அந்தப் பாட்டியிடமிருந்து மண்வாரியை வாங்கிக்கொள்கிறான். அதைப் பார்த்தவளுக்குக் காரிலிருந்து குதித்தோடி அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல, பாட வேண்டும்போல, எல்லாரையும் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும்போல இருந்ததாம். கவனியுங்கள்: பனி அள்ளுவதில் ஒரு சாகசமும் இல்லை. யார் உயிரும் காப்பாற்றப்படவில்லை.

இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் நெஞ்சைக் காட்டுகிறார்கள். நெஞ்சுக்குள் கதகதப்பு, தொண்டையில் அடைப்பு, கண்ணோரம் ஈரம், முதுகில் சிலிர்ப்பு. இது வெறும் பேச்சுவழக்கா, உடம்பில் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா? ஜெனிஃபர் சில்வர்ஸும் ஹைட்டும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையிலேயே விசித்திரமானது என்பேன். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட தாய்மார்களைக் குழந்தையோடு அழைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, தன்னைத் தவறான வழியிலிருந்து மீட்ட ஆசிரியருக்கு ஓர் இசைக்கலைஞர் நன்றி சொல்லும் தொலைக்காட்சிக் காட்சியைக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு நகைச்சுவை. நல்ல செயலைப் பார்த்த தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பால் கசிந்தது, அல்லது குழந்தையை எடுத்துப் பாலூட்டினார்கள். சிரித்தவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர். பால் இறங்குவதற்கு ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன் வேண்டும். ஒட்டுறவு, நம்பிக்கை போன்றவற்றோடு பேசப்படுவதும் அதே ஹார்மோன்தான். ஆய்வாளர்கள் அதை ரத்தத்தில் அளக்கவில்லை, விளைவை வைத்து ஊகித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2015-இல் சரினா சாட்டர்ன் குழுவினர் நரம்பு மண்டலத்தைப் பார்த்தார்கள். உடம்பை முடுக்கிவிடும் நரம்புத் தொகுதி ஒன்று, ஆற்றி அமர்த்தும் தொகுதி இன்னொன்று. வழக்கமாக ஒன்று ஓங்கினால் மற்றது தணியும். நற்செயலைக் காணும்போது இரண்டுமே சேர்ந்து எழுந்தன. படபடப்பும் அமைதியும் ஒன்றாக வருவதை நாமும் அறிவோம். அந்தக் கணத்தில் ஓடவும் தோன்றும், அப்படியே நிற்கவும் தோன்றும்.

இந்த உணர்ச்சியை ஹைட்டுக்கு 229 ஆண்டுகள் முன்பே துல்லியமாக வர்ணித்தவர் ஒருவர் உண்டு: தாமஸ் ஜெஃபர்சன், பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. 1771-இல் ராபர்ட் ஸ்கிப்வித் என்பவருக்கு, வீட்டில் என்னென்ன புத்தகம் வாங்கி வைக்கலாம் என்று எழுதிய கடிதத்தில், ஓர் ஈகைச் செயலைக் கண்டாலோ படித்தாலோ நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற வலுவான ஆசை எழுகிறது என்கிறார். கதைப் புத்தகங்களுக்கு அவர் சொன்ன நியாயமே அதுதான். ஹைட் இந்தக் கடிதத்தைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார். அதை எழுதியவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும். நெஞ்சு நெகிழ்வதற்கும் கை நீள்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அந்தத் தூரத்தைத்தான் சிமோன் ஷ்னால் தலைமையிலான குழு 2010-இல் அளந்தது. படம் பார்த்து முடித்தவர்களிடம், இன்னொரு வேலை இருக்கிறது, சலிப்பூட்டும் கணக்குகள், விருப்பமிருந்தால் செய்யலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்றார்கள். நற்செயலைப் பார்த்தவர்கள், நகைச்சுவையோ சாதாரணப் படமோ பார்த்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்து செய்துகொடுத்தார்கள். நல்ல மனநிலை மட்டும் காரணம் என்றால் சிரித்தவர்களும் அதே அளவு உதவியிருக்க வேண்டுமே!

இத்தோடு நிறுத்தினால் இனிமையாக இருக்கும். ஆனால் இந்தத் துறை ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டது. 1972-இல் ஆலிஸ் ஐசன், பவுலா லெவின் இருவரும் பொதுத் தொலைபேசிப் பெட்டியின் காசு திரும்பும் பொந்தில் ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தார்கள். பேசி முடித்து வெளியே வருபவர் முன்னால் ஒரு பெண் காகிதக் கட்டைத் தவறவிடுவாள். நாணயம் கிடைத்த 16 பேரில் 14 பேர் பொறுக்கிக்கொடுத்தார்கள். கிடைக்காத 25 பேரில் ஒரே ஒருவர். சின்ன மகிழ்ச்சி மனிதனை நல்லவனாக்குகிறது என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடின. பிறகு வேறு சிலர் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. அத்தனை அழகான எண்ணைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. லாஸ் ஏஞ்சலஸின் 35-க்கு 58 என்ற சுமாரான எண்ணை நான் அதிகம் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2014-இல் வந்த மிலேனா ஸ்வெட்கோவா, மைக்கேல் மேசி ஆய்வு இன்னும் நுட்பமானது. இணையவழி விளையாட்டு ஒன்று. முன்னால் ஆடியவர் தன் பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் முகம் தெரியாத இன்னொருவருக்கு ஆட வாய்ப்புக் கிடைக்கும். அப்படி உதவி பெற்று வந்தவர்கள், தாங்களும் விட்டுக்கொடுக்க அதிகம் முன்வந்தார்கள். ஆனால் தாங்கள் எதுவும் பெறாமல், மற்றவர்கள் தாராளமாகக் கொடுப்பதை மட்டும் பார்த்தவர்களிடம் சில சமயம் நேர்மாறாக நடந்தது. கொடுக்கத்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே, என் காசு எதற்கு என்ற நினைப்பு. விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடியிருந்தால் நாமும் வண்டியை மெதுவாக்கிவிட்டுப் போய்விடுவதுபோல.

அந்தக் கூட்டத்தைப் பற்றிய நம் எண்ணமும் அவ்வளவு சரியில்லை. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ரிச்சர்ட் ஃபில்பாட் குழுவினர் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் வழியில் போன ஒருவராவது விலக்கிவிட முன்வந்திருந்தார். யாருமே கண்டுகொள்வதில்லை என்ற புலம்பல், நம் கண்ணில் பட்டதைவிட நம் காதில் விழுந்ததையே அதிகம் சார்ந்திருக்கிறது.

பார்த்த கணத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நெகிழ்ச்சி அதில் ஒரு பாதி. மறுபாதி தகவல். இந்த ஊரில், இந்த நேரத்தில், என்னைப் போன்ற ஒருவர் இதைச் செய்கிறார். செய்தவரை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. உதவாமல் போவதற்குக் கல்நெஞ்சம் வேண்டியதில்லை. ‘நாம் போய்க் கேட்டால் தப்பாக நினைப்பாரோ’ என்ற கூச்சம் போதும். அந்தக் கூச்சத்தை இன்னொருவர் நமக்காக உடைத்துவிடுகிறார். ரேமண்ட் ரெனோ, ராபர்ட் சியால்டினி குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தரையில் கிடந்த உணவுப் பையைக் குனிந்து எடுத்துப் போவதைப் பார்த்தவர்கள், பிறகு தங்கள் கார்க் கண்ணாடியில் செருகியிருந்த துண்டுக் காகிதத்தைக் கீழே போடுவது வெகுவாகக் குறைந்தது. அறிவுரை இல்லை, பலகை இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து நிமிர்ந்ததுதான்.

செயல் சின்னதாக இருப்பது இங்கே பலவீனம் இல்லை. ஹியமின் ஹானும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மகத்தான தியாகிகளின் கதைகளைவிட, தங்களைப் போன்றவர்களின் எட்டக்கூடிய நற்செயல்களே மாணவர்களைத் தொண்டில் ஈடுபட அதிகம் தூண்டின. சொத்தையெல்லாம் எழுதிவைத்தவரைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவரிடம் அப்படித் தப்பிக்க முடியாது; நமக்கும் மடி இருக்கிறது.

செய்பவருக்கோ இதெல்லாம் தெரிவதே இல்லை. சிகாகோவின் மேகி டேலி பூங்காவில், குளிர்காலப் பனிச்சறுக்குத் தளத்தில், அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் வந்தவர்களிடம் ஆளுக்கொரு சூடான சாக்லேட் பானத்தைக் கொடுத்து, நீங்களே குடிக்கலாம், தெரியாத ஒருவருக்குக் கொடுக்கவும் செய்யலாம் என்றார்கள். 84 பேரில் 75 பேர் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று கொடுத்தவரைக் கேட்டால், குறைத்துத்தான் சொன்னார். கொடுத்தவர் கோப்பையின் மதிப்பை எண்ணினார். வாங்கியவர் தன்னை ஒருவர் நினைத்ததை எண்ணினார்.

இருவரிடமும் கேட்டார்கள். சறுக்குக் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே இதை ஓரக்கண்ணால் பார்த்தவரிடம் கேட்கவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, அவரை ஆய்வுக்குள் இழுப்பது லேசான காரியம் இல்லை. பார்க்கச் சொல்லிக் காட்டினால் அது தற்செயலாகக் கண்ணில் பட்டதாக ஆகாது. சொல்லாமல் விட்டாலோ, யார் பார்த்தார், பார்த்தவர் அன்று மாலை எந்தத் தெருவில் யாருக்காக நின்றார் என்று பின்னால் போய் எண்ண ஆள் கிடையாது.