நூலுள்ள பட்டமும் நூலற்ற பட்டமும்

இயந்திரமே இல்லாத சிறு விமானத்தை வானொலி அலைகளால் நடத்துகிறார்களாமே, அது விழாமல் நிற்பது எவ்வாறு என்று பருத்தித்துறை மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். விழாமல் நிற்பதில்லை என்பதே உத்தரம். கிளைடர் எனப்படும் அவ்விமானம் காற்றினூடே ஓயாது சறுக்கி இறங்கிக்கொண்டேயிருக்கிறது. அது இறங்குவதிலும் விரைவாக மேலெழும் காற்றைக் கண்டுபிடித்து, அதனுள் கிளைடரைப் புகுத்துவதே தரையில் நிற்பவரின் வித்தை முழுவதும். மலைச்சரிவில் மோதிய காற்று அவ்வாறு மேலெழும். நமது யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கற் சமதளம். சரிவென்று சொல்ல மணற்காட்டு மணற்குன்றுகளை விட்டால் வேறு அதிகமில்லை.

ஆயினும் பட்டமேற்றும் அம்மாணவருக்கு இவ்வித்தை புதிதன்று. பட்டத்தை நூல் பிடித்து நிறுத்துகிறது. கிளைடரை அதன் சொந்தப் பாரமே முன்னோக்கி இழுத்துச் செல்கிறது. 1900ஆம் ஆண்டிலே ரைட் சகோதரர் தம் முதற் கிளைடரைக் கயிறு கட்டிப் பெரும்பாலும் பட்டமாகவே ஏற்றிப் பரீட்சித்தார்கள். கிளைடர்காரர் கிளைடரின் மூக்கில் ஈயத்துண்டு வைத்துச் சமநிலை பார்ப்பதைக் காணும்போதெல்லாம், பட்டத்தில் நூல் கட்டும் முச்சையை ஒரு விரற்கடை மேலேற்றுவதா இறக்குவதா என்று முற்றத்தில் அரைநாள் விவாதித்த என் மாமாவே நினைவுக்கு வருகிறார்.

என்னை இன்றும் விட்டு நீங்காத ஆச்சரியம், பட்டத்திற் கட்டிக் கூவவிடும் விண்தான். வளைத்த மூங்கிற்சிலாகையின் இரு முனைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய ஒரு நாடா. முன்னாளிற் பனைநார், இந்நாளிற் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடா. காற்று நாடாவைச் சற்றே திருக, திருகிய நாடா ஒரு பக்கம் தள்ளுண்ண, அதன் விறைப்பு அதனை மீட்டிழுக்க, மீண்ட வேகத்தில் அது மறுபக்கம் திரும்ப, இவ்வாறு திருகலும் வளைதலும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதால் அந்தக் கூவல் பிறக்கிறது. மார்கழி இரவுகளிற் பட்டத்தை வேம்பிலே கட்டிவிட்டுப் படுத்திருப்பேன்; வாடை தளர்ந்து கூவல் மெலிந்ததும் எழுந்து போய் நூலைத் தொட்டுப் பார்ப்பேன்.

இதே துடிப்பு இறக்கையில் தோன்றினால் விநாசம். 1940 நவம்பர் 7ஆந் தேதி அமெரிக்காவின் டக்கோமா தொங்குபாலத்தைத் திருகி வீழ்த்தியதும் இதன் இனமே. 2021இலே கலிபோர்னியாவில் இயந்திரமற்ற மாதிரிக் கிளைடரொன்று, மலைமுகட்டின் இருபுறமும் காற்றின் வேகம் வேறுபடுவதையே பலமாகக் கொண்டு சுழன்று, மணிக்கு 882 கிலோமீற்றரை எட்டியது. அத்தகைய வேகத்தைத் தாங்கும் இறக்கையை விறைப்பாக அமைக்கும் பிரயாசை, விண் தானாகக் கூவிவிடாமற் காக்கும் பிரயாசையே!

பட்டமேற்றும் நம்மவர் ஒரு விஷயத்தில் அசட்டையாக இருக்கிறார்கள். அறுந்த தங்கூசி நூல் பனைகளிலும் மின்கம்பிகளிலும் மாசிக்குப் பின்னும் தொங்குகிறது. அதிற் சிறகு சிக்கிய காகமொன்றை நானே கத்தரியால் விடுவித்திருக்கிறேன். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் பட்டத்துடன் போகும் அம்மாணவர், திரும்பும்போது கண்ணிற்பட்ட நூலையெல்லாம் ஒரு தடியிற் சுற்றி எடுத்துவரக் கடவர்.