சாவியை எடுத்தும் நிற்காத எஞ்சின்

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் இதில் வேலை இருக்கிறது. எஞ்சின் மாற்றிய ஒரு பழைய அம்பாசிடரின் வயரிங்கில் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு கோளாறுகள் வந்தன. அதில் ஒன்று முழுக்க முழுக்க என் கைவேலை.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி. கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். மாமாவிடம் 1986-ம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 4 இருக்கிறது, தாத்தா வாங்கியது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பெட்ரோலைவிட ஆயிலை அதிகம் குடிக்கத் தொடங்கியதும், கழித்துப் போட்ட இன்னொரு அம்பாசிடரிலிருந்து 1817 சி.சி. இசுசூ பெட்ரோல் எஞ்சினை கியர் பாக்ஸோடு வாங்கி வந்துவிட்டார். கார்புரேட்டர் வைத்த பழைய வகை. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990-களில் இந்த எஞ்சினைப் போட்டு அம்பாசிடர் விற்றிருக்கிறது. 2014-ல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்ற பிறகு, பழைய வண்டிக்காரர்களுக்குக் கழித்த வண்டிகள்தான் கடை. (எஞ்சின் எண் மாறினால் ஆர்.சி.யிலும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைப் பற்றியது. எஞ்சினை இறக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாமா அதை முதலிலேயே முடித்துவிட்டார்.)

இறக்கி ஏற்றும் வேலை மெக்கானிக் அண்ணாச்சியுடையது. வயரிங்கை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சென்னையில் சாப்ட்வேர் வேலை, இரண்டு வார லீவு, போதாக்குறைக்கு பி.இ. எலக்ட்ரானிக்ஸ். "மக்ளே, பாத்துச் செய்யணும். பெட்ரோல் வண்டியாக்கும்" என்றார் அண்ணாச்சி. நான் சிரித்தேன்.

பழைய அம்பாசிடரின் வயரிங் பயப்படும்படியானது அல்ல. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த வண்டி என்பதால் பிரிட்டிஷ் கலர் முறைதான். பிரவுன் வயரில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும். வெள்ளையில் சாவி போட்டால் வரும். பச்சை, சாவிக்குப் பின் ப்யூஸ் வழியாக வருவது. கறுப்பு என்றால் எர்த். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, நாற்பது வருடத்தில் எத்தனை பேர் கையில் கிடைத்த கலர் வயரைப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது. எங்கள் வண்டியில் ஹாரனுக்கு டெலிபோன் வயர் போட்டிருந்தார்கள்!

பெரிய மாற்றம் சார்ஜிங்கில். பழைய எஞ்சினில் டைனமோவும், அதற்குத் தனியாக ரெகுலேட்டர் பெட்டியும் இருந்தன. புது எஞ்சினில் ஆல்டர்னேட்டர். ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. எனவே பழைய பெட்டியை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை பேட்டரிக்கும், 'எல்' என்ற மெல்லிய வயரை டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்குக்கும் கொடுத்தேன். அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்பிவிடுகிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சாவி சுவிட்ச் தேய்ந்திருந்ததால் 'இக்னிஷன் காயிலுக்கு ஒரு ரிலே போட்டால் சுவிட்சுக்குச் சுமை குறையுமே' என்று தோன்றியது. போட்டேன்.

புகைந்த சோக் கேபிள்

முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. டக் டக் என்று அடித்தது. அடுத்த நொடி டேஷ்போர்டுக்குக் கீழே புகை. சோக் கேபிள் தொட முடியாத சூடு! ஓடிப் போய் பேட்டரி கிளம்ப்பைக் கழற்றினேன். நல்லவேளை, ஸ்பேனர் கையில் இருந்தது. வயரிங் வேலை செய்யும்போது அந்த ஸ்பேனர் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும்.

சோக் கேபிளில் ஏன் கரண்ட் போகிறது? எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னிய செம்புப் பட்டை உண்டு. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. பட்டை இல்லாவிட்டால், எஞ்சினையும் பாடியையும் தொடும் எந்த இரும்புக் கம்பியும் அதற்கு வழியாகிவிடும். வீட்டில் எர்த் இல்லாத பிளக்கில் கம்ப்யூட்டரை மாட்டினால் கேபினட்டைத் தொடும்போது சுர்ரென்கிறதே, அதுபோல 'எர்த்தான் இல்லையே, என்ன ஆகிவிடும்' என்று இருக்க முடியாத இடம் இது.

சோக் கேபிளைக் கழற்றி வைத்து, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தேன். ஒரே ஒரு நொடி சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. (மீட்டரை ஆம்பியரில் வைத்து ஸ்டார்ட்டர் லைனில் சேர்த்துவிடாதீர்கள். அதன் அளவு பெரும்பாலும் 10 ஆம்பியர்தான்.) ஜம்பர் கேபிளால் பிளாக்கையும் நெகட்டிவையும் இணைத்ததும் ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றியது.

பட்டை எங்கே? பழைய எஞ்சினோடு ஆக்கர் கடைக்குப் போய்விட்டது. அதை அண்ணாச்சி மாட்டுவார் என்று நான் நினைத்தேன். "அது வயரிங்காக்கும், ஒனக்க வேலை" என்று அவர் நினைத்திருக்கிறார். என் ஆபீசில் இரண்டு டீமுக்கு நடுவே விழும் பக் எல்லாம் இந்த ரகம்தான். ஆனால் மாமா திட்டியது அண்ணாச்சியை மட்டும். நான் வாய் திறக்கவில்லை.

நிற்க மாட்டேன் என்ற எஞ்சின்

புதுப் பட்டை போட்டதும் எஞ்சின் அழகாக ஓடியது. சாவியைத் திருப்பி எடுத்தேன். ஓடிக்கொண்டே இருந்தது! அண்ணாச்சி நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டு நிறுத்தினார். மறுபடி ஸ்டார்ட் செய்தோம். மறுபடி அதே கதை.

மாமாவுக்குப் பொறுமை போயிற்று. "கழிச்ச எஞ்சினைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கேன். கூலி ஒரு பைசா குடுக்க மாட்டேன்" என்று அண்ணாச்சியைப் பார்த்தே சொன்னார். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே கார்பன் படிந்து, சூட்டில் தானாகப் பற்றுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். அடுத்த நாள் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க முடிவு செய்தார். இரண்டு நாள் வேலை, கூலி நிச்சயமில்லாமல்.

இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். கார்பனால் ஓடும் எஞ்சின் தடதடவென்று உதறி உதறி ஓடும். இது சீராக ஓடியது. அப்படியானால் ஸ்பார்க் வந்துகொண்டிருக்கிறது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: சாவியை எடுத்த பிறகு சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தனி அடாப்டர் உள்ள சில மட்டமான யு.எஸ்.பி. ஹப்களை மாட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கினாலும் மதர்போர்டில் ஒரு விளக்கு எரியும். ஹப்பின் கரண்ட் கேபிள் வழியாகத் தலைகீழாக ஏறுகிறது. இங்கேயும் அப்படியா?

விடிந்ததும் சோதித்தேன். சாவியை எடுத்து, எஞ்சின் ஓடும்போதே அளந்தால், காயில் முனையில் 13 வோல்ட்டுக்கு மேல். ரிலேயின் 86-ம் முனையில், அதாவது சாவி வயர் வரும் இடத்தில், பூஜ்யம் இருக்க வேண்டும். சுமார் 6 வோல்ட் இருந்தது. ஆல்டர்னேட்டரின் 'எல்' வயரைப் பிடுங்கினேன். எஞ்சின் பட்டென்று நின்றது.

ஓடும் ஆல்டர்னேட்டரின் 'எல்' முனையில் 14 வோல்ட் இருக்கும். சாவியை எடுத்ததும் அது சார்ஜ் பல்பு வழியாகப் பின்னால் ஏறி, சாவி வயருக்குள் வருகிறது. நேராகக் காயிலுக்குப் போனால் பிரச்சினை இல்லை; காயிலுக்கு மூன்று நான்கு ஆம்பியர் வேண்டும், அந்தச் சின்ன பல்பு அதைக் கடத்தாது. ஆனால் ரிலேக்கு 0.15 ஆம்பியர் இருந்தாலே தாராளம். அதுவும் ஒட்டுவதற்குத்தான் அதிக வோல்ட் வேண்டும். ஒட்டிய ரிலே இரண்டு மூன்று வோல்ட் வரைக்கும் விடாது. பழைய வயரிங்கை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கோளாறு வந்தே இருக்காது. நான் போட்ட ரிலேதான் காரணம்.

நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி 1என்4007 டயோடு வாங்கி வந்தேன். இரண்டு ரூபாய். சார்ஜ் விளக்குக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே, வெள்ளிக்கோடு உள்ள முனை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும்படி சால்டர் செய்து, மேலே ஸ்லீவ் போட்டேன். விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டருக்குக் கரண்ட் போகும், திரும்பி வராது. திருப்பி மாட்டினால் சார்ஜ் விளக்கும் எரியாது, ஆல்டர்னேட்டரும் எழும்பாது. அதனால் மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியை அளந்து பாருங்கள். 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். எங்களுக்கு 14.1 வந்தது. சாவியை எடுத்ததும் எஞ்சின் நின்றது.

அண்ணாச்சி ஹெட்டைக் கழற்றுவதற்கு ஸ்பேனர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டே மாமாவிடம் சொன்னேன்: தப்பு என்னுடையது, பட்டை விஷயத்திலும் பாதி என்னுடையது. மாமா சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு உள்ளே போய்ப் பணத்தை எண்ணிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி மிச்சமிருந்த டயோடு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "நல்லமிளகு கணக்கா இருக்கு. இதுக்கா நான் ஹெட்டைக் கழட்டப் போனேன்?" என்று கேட்டுவிட்டு, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.