இருதயம் காக்கும் நீண்ட பயிற்சி

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். செம்பனைக் குலை வெட்டுவதும் உதிரிப் பழம் பொறுக்குவதும் உடலை வருத்தும் பணிகள். ஆகவே, மாலையில் கால் வீங்கினால் வேலைக் களைப்பு என்றும், நடக்கும்போது மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்றும் எண்ணிவிடுவது எளிது. ஆனால், இவ்விரண்டும் இருதயச் செயலிழப்பின் அறிகுறிகளாகவும் இருக்கலாம்.

இருதயச் செயலிழப்பு என்றால் இருதயம் நின்றுவிட்டது என்று பொருளன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இருதயத்தால் செலுத்த முடியாத நிலையே அது. நலமான இருதயம் ஓய்வு நேரத்தில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. இத்திறன் குறையும்போது நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. முன்பு ஏற்பட்ட மாரடைப்பு, கட்டுப்படுத்தப்படாத இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய வால்வு நோய், அளவற்ற மதுப்பழக்கம் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் பயன் தருகின்றன. இவை கைகொடுக்காதபோது, இருதயத்திற்குத் துணைபுரியும் இயந்திரத்தையோ மாற்று இருதயத்தையோ மருத்துவர்கள் நாடுகின்றனர். உலகின் முதல் மாற்று இருதய அறுவை சிகிச்சையை மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட் 1967ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் செய்தார். மலேசியாவில் இச்சிகிச்சை முதன்முதலாக 1997ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோலாலம்பூரிலுள்ள தேசிய இருதயக் கழகத்தில் நடைபெற்றது. ஐ.ஜே.என். என்று நாம் அழைப்பது இக்கழகத்தைத்தான்.

அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், அதற்கு முன்னும் பின்னும் நோயாளியைப் பல ஆண்டுகள் கவனிப்பவர் இத்துறையில் தனிப் பயிற்சி பெற்ற இருதய மருத்துவர் ஆவார். நம் நாட்டில் பொதுவாக மருத்துவப் பட்டத்திற்கு 5 ஆண்டுகள், பயிற்சி மருத்துவப் பணிக்கு 2 ஆண்டுகள், பொது மருத்துவ நிபுணத்துவத்திற்கு ஏறக்குறைய 4 ஆண்டுகள், இருதயத் துறைக்கு 3 ஆண்டுகள் தேவைப்படுகின்றன. இவற்றிற்குப் பிறகே இச்சிறப்புப் பயிற்சி தொடங்கும். எனவே, 20 வயதில் பல்கலைக்கழகம் செல்பவர் இந்நிலையை எட்டும்போது 35 வயதை நெருங்கியிருப்பார். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுதான் இது தனித் துறையாக ஏற்கப்பட்டது.

இவ்வளவு நீண்ட பயிற்சி எதற்கு? மாற்று இருதயம் யாருக்குத் தேவை, எப்போது தேவை என்று முடிவு செய்வதே இத்துறையின் கடினமான பாடம். தேவைக்கு முன்பே செய்தால், மருந்தால் வாழக்கூடிய ஒருவர் வீணான ஆபத்தைச் சந்திப்பார். காலம் தாழ்த்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் நலிந்து, உடல் அறுவை சிகிச்சையைத் தாங்காது. இதனைக் கணிக்க, கழுத்துச் சிரையின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இருதயத்திலும் நுரையீரல் குழாய்களிலும் உள்ள அழுத்தத்தை அளக்க மருத்துவர் கற்கிறார்.

சிகிச்சைக்குப் பின்னரும் பணி தொடர்கிறது. புதிய இருதயத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும். அதைத் தடுக்கும் மருந்தை நோயாளி வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். மருந்து குறைந்தால் உடல் இருதயத்தை நிராகரிக்கும். மிகுந்தால் கிருமித் தொற்று ஏற்படும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பது அனுபவத்தால் வரும் திறன்.

2007ஆம் ஆண்டு ஐ.ஜே.என்.னில் நடந்த ஒரு நிகழ்வு இதற்குச் சான்றாகும். உங்கள் வயதையொத்த சிறுமி ஒருத்தி ஏறக்குறைய ஓராண்டு இயந்திரத்தின் துணையோடு வாழ்ந்து வந்தாள். அவளுக்குப் பொருத்தப்பட்ட மாற்று இருதயம் சரியாக இயங்கவில்லை. அடுத்த நாளே மற்றொரு கொடையாளரின் இருதயம் கிடைத்து, அது பொருத்தப்பட்டது. சிறுமி உயிர் பிழைத்தாள். மருத்துவர், அறுவை நிபுணர், தாதியர், மருந்தாளர் அனைவரும் ஓயாமல் ஒருங்கிணைந்து உழைக்காவிடில் இது கைகூடியிராது.

ஆனால், இத்தகைய வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தார் இசைந்தால்தான் இருதயம் கிடைக்கும். எடுக்கப்பட்ட இருதயத்தை ஏறக்குறைய 4 மணி நேரத்திற்குள் பொருத்திவிட வேண்டும். கொடையாளர் குறைவாக இருப்பதால், ஒவ்வோர் இருதயமும் யாருக்கு என்னும் முடிவு மிகுந்த பொறுப்புடையதாகிறது.

இத்தகைய நிபுணர்கள் பெருநகர மருத்துவமனைகளிலேயே இருக்கின்றனர். வட சிலாங்கூர் மக்களுக்கு அவர்களிடம் செல்லும் வழி அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிலோ தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோதான் தொடங்குகிறது. அங்கு நோய் வேளையோடு கண்டறியப்பட்டால் மருந்தே போதுமானதாக இருக்கலாம்; காலம் கடந்து வருபவருக்கு எத்தனை ஆண்டு பயின்ற நிபுணராலும் செய்யக்கூடியது குறைவு. ஆதலால், வீட்டில் தாத்தாவோ பாட்டியோ படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்று தலையணைகளை அடுக்கி வைத்து உறங்கினால், கால் வீங்கி ஓரிரு நாளில் எடை 2 கிலோ கூடினால், அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். அவர்களை உடனே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும்படி பெற்றோரிடம் கூறுங்கள்.