ஒருநாட் பிரயாணமும் மலிவான சீட்டும்

புகையிரதம் தோன்றியபொழுது அது ஏழை மக்களை நினைத்துத் தோன்றவில்லை. இங்கிலாந்திலே ஆரம்ப காலத்து வண்டிகள் பலவற்றில், மூன்றாம் வகுப்பு என்பது கூரையற்ற திறந்த பெட்டியாகவே இருந்தது. 1841ஆம் ஆண்டு நத்தார்த் தினத்துக்கு முதல் நாள், சொனிங் என்னுமிடத்தில் சரிந்து கிடந்த மண்ணில் வண்டியொன்று மோதியபொழுது, அத்தகைய பெட்டிகளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர் சிலர் வெளியே வீசப்பட்டு மாண்டனர். மக்கள் மனம் கலங்கிற்று. கிளாட்ஸ்ரன் வர்த்தகச் சபையின் தலைவராயிருந்த 1844ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. நாள்தோறும் ஒரு வண்டியேனும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தில், மழை வெயில் படாத பெட்டிகளோடு ஓடவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

அதே 1841இல், யூலை மாதம் 5ஆம் திகதி, தோமஸ் குக் என்பவர் ஏறக்குறைய 500 பேரை லெஸ்ரர் நகரிலிருந்து லொவ்பறோ நகருக்கு மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக அழைத்துச் சென்றார். போகவும் வரவும் கட்டணம் ஒரு சிலிங்கே. மலிவான ஒருநாட் பிரயாணம் என்னும் வழக்கம் வேரூன்றுவதற்கு அது பெரிதும் துணைசெய்தது.

இன்று எமது பிள்ளைகள் பலர் அந்நாட்டிற் கல்வி பயில்கின்றனர். பெற்றோரும் உற்றாரும் அவர்களைக் காணச் செல்கின்றனர். விடுமுறை நாளிலே ஒரு பழைய நகரைப் பார்த்து வரலாமென்று நிலையத்துக்குச் சென்று, சீட்டின் விலையைக் கேட்டதும் திரும்பி விடுவோரும் உளர். அங்கே ஒரே வண்டியில், ஒரே வகுப்பில், அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பார்கள். இதன் காரணத்தை அறிந்தவர்க்குப் பணம் மிஞ்சும்.

முதலாவது, நேரம். வேலைக்குச் செல்வோர் நெருக்கியடிக்கும் காலை வேளையிற் கட்டணம் அதிகம். கிழமை நாட்களில், பெரும்பாலும் காலை ஒன்பதரை மணிக்குப் பின், ‘ஓஃப் பீக்’ எனப்படும் குறைந்த கட்டணம் தொடங்கும். சனி, ஞாயிறு தினங்களிற் பொதுவாக நாள் முழுவதும் அதுவேயாகும். பல தடங்களில் அன்றே போய் அன்றே மீளும் சீட்டு, ஒருவழிச் சீட்டிலும் சற்றே கூடிய விலைக்குக் கிடைக்கும். ஆகவே இரண்டு ஒருவழிச் சீட்டுக்களை வாங்குமுன் இதனை விசாரித்தல் நன்று.

இரண்டாவது, முன்னேற்பாடு. ‘அட்வான்ஸ்’ என்னும் சீட்டுக்கள் ஏறக்குறைய 12 வாரங்களுக்கு முன்னரே விற்பனைக்கு வருவதுண்டு. மலிவானவை முதலில் விற்றுத் தீர்ந்துவிடும். ஆனால் குறித்த வண்டியில் மட்டுமே அவை செல்லும். நேரம் தவறிச் சென்றால் வேறு சீட்டு வாங்க நேரிடும்.

மூன்றாவது, சலுகை அட்டை. 16 முதல் 25 வயது வரையுள்ளோரும், அவ்வயதைக் கடந்த முழுநேர மாணவரும் ‘றெயில்காட்’ ஒன்றை வாங்கலாம். கட்டணத்தில் மூன்றிலொரு பங்கு குறையும். 2025இல் இதன் ஓராண்டு விலை 30 பவுணிலிருந்து 35 பவுணாக உயர்ந்தது. மாணவரே, கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டொன்றில் 105 பவுண் பெறுமதியான சீட்டுக்களை வாங்குபவர்க்கு அட்டையின் விலை மீண்டுவிடும். அதற்குமேல் யாவும் இலாபமே. குடும்பத்தினர்க்கெனத் தனி அட்டையொன்றும் உண்டு. அதில் நான்கு பெரியவர்களும், 5 முதல் 15 வயது வரையுள்ள நான்கு பிள்ளைகளும் செல்லலாம். பெரியவர்க்கு மூன்றிலொரு பங்கும், பிள்ளைகளுக்கு நூற்றுக்கு அறுபதும் குறையும். ஒரு பிள்ளையேனும் உடன் வருதல் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை.

நான்காவது, சீட்டைப் பிரித்து வாங்குதல். இலண்டனிலிருந்து பாத் நகருக்கு ஒரே சீட்டு வாங்காமல், இடையிலுள்ள டிட்கொற் வரை ஒன்றும், அங்கிருந்து பாத் வரை மற்றொன்றுமாக வாங்கினால், கூட்டுத்தொகை சிலவேளை குறைந்திருக்கும். கட்டணங்கள் தடந்தோறும் தனித்தனியே வகுக்கப்பட்டமையே இதற்குக் காரணம். இது விதிக்கு முரணானதன்று. வண்டியை விட்டு இறங்கவும் வேண்டியதில்லை. ஆனால் அவ்வண்டி அந்த இடைநிலையத்தில் நின்று செல்வதாயிருத்தல் வேண்டும். அதனை வாங்குமுன்னரே உறுதிசெய்க.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து ஓர் எண்ணம் எழுகின்றது. 1844இன் சட்டம் எளியவனுக்கும் விளங்கும் ஒரு விலையைக் கூறிற்று: மைலுக்கு ஒரு பென்னி. இன்றோ மலிவான சீட்டு இருக்கின்றது. ஆனால் தேடத் தெரிந்தவனுக்கே அது கிடைக்கின்றது. நேற்று வந்திறங்கிய அந்நியனும், நோயுற்ற உறவினரைக் காண அவசரமாய் ஓடுபவனும், கணக்கறியாத முதியவரும் கூடிய விலையைக் கொடுக்கின்றனர். நமது நாட்டிலே ஆசன ஒதுக்கீடில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டை வாங்குவோர், அறிந்தவராயினும் அறியாதவராயினும், தூரத்துக்கேற்ற ஒரே விலையையே கொடுக்கின்றனர். அதில் நெருக்கடி உண்டு; எனினும் ஒரு நேர்மையும் உண்டு.

ஆதலால் அங்கு வாழும் பிள்ளைகள் இவ்வழிகளைத் தாம் அறிந்துகொள்வதோடு நில்லாது, புதிதாக வருவோர்க்கும் முதியோர்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும். மிஞ்சும் சில பவுண், தனித்திருக்கும் மாணவனொருவன் தன் உறவினரை மாதத்தில் ஒருமுறையேனும் கண்டுவர உதவுமாயின், அதனினும் நல்ல செலவு வேறில்லை.