வயலில் முளைத்த மலை

மலை என்றதும் அசையாமையே நம் நினைவுக்கு வருகிறது. நம் பாட்டனும் பூட்டனும் கண்ட மலையையே நாமும் காண்கிறோம். ஆயினும், ஒரு மலை பிறந்ததைத் தம் கண்களாலேயே கண்ட மனிதரும் உண்டு.

மெக்சிக்கோ நாட்டில் பரிக்குத்தின் என்றொரு சிற்றூர் இருந்தது. 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், தியோனிசியோ பூலிதோ என்ற உழவர் அங்கே தம் மக்காச்சோள நிலத்தை விதைப்புக்காகச் சீர்செய்துகொண்டிருந்தார். பிற்பகலில் நிலம் பிளந்தது. புகையும் சாம்பலும் சீறி எழுந்தன. மறுநாள் அவ்விடத்தில் ஒரு குன்று நின்றது! ஓராண்டுக்குள் அது 300 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. 1952இல் அடங்கியபோது அதன் உயரம் 424 மீட்டர்.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? பூமியின் மேலோடு பல பெருந்தட்டுகளால் ஆனது. மெக்சிக்கோவின் மேற்குக் கரையில் கடலடித் தட்டொன்று நிலத்தட்டின் கீழே மெல்ல அமிழ்கிறது. அதனுடன் ஆழத்துக்குச் செல்லும் நீர், அங்குள்ள வெம்பாறையை எளிதில் உருகச் செய்கிறது. உருகிய குழம்பு எடை குறைந்ததாதலால் மேலெழுகிறது. மேலே வர வர அழுத்தம் குறைவதால், சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவதுபோல, அதில் கரைந்துள்ள வாயுக்கள் வெடித்துக் கிளம்புகின்றன. எரிமலை என்று நாம் சொன்னாலும், அங்கே விறகுபோல் எரிவது எதுவுமில்லை. வீசியெறியப்பட்ட கற்களும் சாம்பலும் வாயைச் சுற்றிக் குவிந்தே மலையாகின்றன.

இமயமோ வேறு வகை. இந்தியத் தட்டு ஆசியப் பெருநிலத்தோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. விரித்த பாயை ஓரத்திலிருந்து தள்ளினால் மடிப்பு விழுவதுபோல, இடையிலிருந்த கடலடிப் படிவங்கள் மடிந்து உயர்ந்தன. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையிலும் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் காணப்படுவது இதனாலேயே. சுருங்கச் சொன்னால், இமயம் இருந்த நிலமே மடிந்து எழுந்தது. எரிமலை உள்ளிருந்த பொருள் வெளிவந்து குவிந்தது.

பரிக்குத்தினும் அண்டையிலிருந்த சான் உவான் ஊரும் பாறைக் குழம்பில் புதையுண்டன. குழம்பு மெல்ல நகர்ந்ததால் அதில் சிக்கி எவரும் இறக்கவில்லை. எனினும், வெடிப்பின்போது தோன்றிய மின்னல் மூவரின் உயிரைக் குடித்தது. 1944இல் சான் உவான் மக்கள், தங்கள் ஆலயத்தின் சிலுவைத் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு நடந்து சென்று, வேறோர் இடத்தில் புதிய ஊரை அமைத்தனர். பழைய ஆலயத்தின் கோபுரம் இன்றும் கரும்பாறைகளுக்கு மேலே தலைநிமிர்ந்து நிற்கிறது; பீடமும் அழியாதிருக்கிறது. வீடும் வயலும் இழந்த அம்மக்கள், ஒருவரையொருவர் இழந்துவிடவில்லை என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.