வளையம் போட்டு மடக்கிய நோய்கள்

1966 டிசம்பரில், நைஜீரியாவின் கிழக்கே ஒகோஜா வட்டாரத்திலிருந்து ஒரு மிஷனரி வானொலிக் கருவியில் அழைத்தார். ஓர் ஊரில் பெரியம்மை போலத் தெரிகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அழைப்பைக் கேட்டுக் கிளம்பியவர் வில்லியம் ஃபேகி என்ற முப்பது வயது அமெரிக்க மருத்துவர். கார் போகும் பாதை முடிந்த இடத்திலிருந்து சின்ன மோட்டார் சைக்கிள்களில் போய்ச் சேர்ந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, பெரியம்மைதான்.

வட்டாரத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்காவது அம்மை குத்திவிட்டால் நோய் அடங்கிவிடும் என்பதே அன்றைய பாடம். ஃபேகியிடம் அவ்வளவு மருந்து இல்லை. பெரிய சரக்கு இன்னும் வந்து சேரவில்லை. இருக்கிற கொஞ்சத்தை யாருக்குப் போடுவது?

அந்த வட்டார மிஷனரிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் இரவு ஏழு மணிக்கு வானொலியில் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்வார்கள். ஃபேகி அந்த நேரத்தில் உள்ளே நுழைந்தார். வரைபடத்தை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் ஆள் அனுப்பி அம்மை கண்டிருக்கிறதா என்று விசாரித்துவரச் சொன்னார். மறுநாள் இரவே பதில் வந்தது. நோய் இருந்தது நான்கே ஊர்களில். முதல் மருந்து அங்கே போனது. மிச்சத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது எழுந்த கேள்விதான் முக்கியமானது. இந்த ஊர்க்காரர்கள் எந்தச் சந்தைக்குப் போவார்கள்? பெண் கொடுத்தது, எடுத்தது எங்கே? அப்படித் தேர்ந்த மூன்று இடங்களில் மீதி மருந்து செலவானது. அவற்றில் இரண்டில் கிருமி ஏற்கெனவே நுழைந்திருந்தது. ஆனாலும் முதல் கொப்புளம் தெரிந்தபோது சுற்றியிருந்தவர்களுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிட்டிருந்தது. சில வாரங்களில் நோய் நின்றுபோனது. வட்டாரத்தில் பெரும்பாலோர் கையில் ஊசி படவே இல்லை.

இந்த முறைக்கு ‘வளையத் தடுப்பூசி’ என்று பெயர். நோயாளியை நடுவில் வைத்து, அவரோடு பழகியவர்களை முதல் சுற்றாகவும், அவர்களோடு பழகியவர்களை அடுத்த சுற்றாகவும் எடுத்துத் தடுப்பூசி போட்டால் கிருமிக்கு ஏறிக்கொள்ள அடுத்த உடம்பு கிடைக்காது. பெரியம்மை இதற்கு வாகான நோய். முகத்திலேயே தெரிந்துவிடும், ஒளித்துவைக்க முடியாது. கிருமி உள்ளே போய்ச் சுமார் 12 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். தொற்றிய மூன்று நான்கு நாளுக்குள் தடுப்பூசி போட்டால்கூடப் பலன் உண்டு. நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். ‘ஆத்தா வந்திருக்கா’ என்று அறிவிக்கும் அந்தப் பழக்கமே நோய் இருக்கும் வீட்டை ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ.ஆர். ராவ் 1960களில் அம்மை கண்ட குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். எல்லோரும் பயந்ததுபோலப் பெரியம்மை காற்றில் பறந்து ஊரையே பிடிப்பதில்லை; பெரும்பாலும் ஒரே வீட்டில், நோயாளிக்கு அருகில் இருப்பவர்களைத்தான் பிடிக்கிறது என்பது அந்த ஆய்வுகளில் தெளிந்தது. வளையம் ஏன் வேலை செய்கிறது என்பதற்கான காரணம் இதில் இருக்கிறது.

இருந்தும் இந்தியா அவ்வளவு எளிதில் நம்பவில்லை. 1974இல் நாட்டில் சுமார் 1.88 லட்சம் பேருக்குப் பெரியம்மை. முப்பதாயிரத்துக்கும் மேல் சாவு. மிக மோசமாக அடிபட்டது பீகார். வீடு வீடாகத் தேடத் தொடங்கியதும் நோய்க்கணக்கு ஏறிக்கொண்டே போனது. தேடினால்தானே தெரியும்! மாநில சுகாதார அமைச்சருக்குப் பொறுமை போய்விட்டது. பழையபடி எல்லோருக்கும் குத்துங்கள் என்றார். அந்தக் கூட்டத்தில் ஓர் இளம் இந்திய மருத்துவர் எழுந்து, எங்கள் கிராமத்தில் ஒரு வீடு பற்றி எரிந்தால் அந்த வீட்டின் மேல்தான் தண்ணீர் ஊற்றுவோம், மற்ற வீடுகளின் மேல் அல்ல என்றார். அமைச்சர் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

அது போதுமானதாக இருந்தது. ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைச் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி, இதுபோல யாரையாவது பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். துப்புச் சொன்னவர்களுக்குப் பணம் கிடைத்தது. நோய் கண்ட வீட்டு வாசலில் கூலிக்குக் காவல் போட்டு, உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். கிளைத்த முனையுள்ள ஒரு சிறு ஊசியால் தோளில் பதினைந்து குத்து. ஊர்க்காரர் ஒருவருக்குச் சில நிமிடங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். உலர வைத்த மருந்தாதலால் வெயில் தாங்கும். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது.

வளையத்தில் ஓர் ஆள் தப்பினாலும் என்ன ஆகும் என்பதை 1977இல் சோமாலியாவின் மெர்கா நகரம் காட்டியது. மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின், அம்மை கண்டவர்களை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் கூடப் போனார். அவருக்கும் நோய் வந்தது. ஊசிக்குப் பயந்து அவர் ஒதுங்கிவிட்டிருந்தார். அதன்பின் அந்த நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சல்லடை போட்டு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி போட்டார்கள். இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் அவர்தான். பிழைத்துக்கொண்ட மாலின், பிற்காலத்தில் வீடு வீடாகப் போய்ப் போலியோ சொட்டு மருந்தின் அவசியத்தைச் சொல்லும் வேலையில் இறங்கினார்.

இதே வளையம் பிற்பாடு எபோலா என்ற கொடிய நோய்க்கும் பயன்பட்டது. ஆனால் அதற்கு அந்த நாளில் தடுப்பூசியே இல்லை. கனடாவின் வின்னிபெக் ஆய்வகத்தில் உருவான ஒன்று, காசு போடுவார் இல்லாமல் பத்தாண்டு போலக் கிடப்பில் கிடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000 பேருக்கு மேல் பலிகொண்ட எபோலா பரவல் வந்த பிறகுதான் அதைச் சோதிக்க எல்லோருக்கும் அவசரம் வந்தது. ஏழைகளின் நோய்க்கான மருந்து எப்போது வெளியே வருகிறது என்பதைக் கவனிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 2015இல் கினியாவில் சோதித்தபோது அதே பழைய வளையத்தைத்தான் போட்டார்கள். உடனே ஊசி போட்டுக்கொண்டவர்களில், பத்து நாள் கழிந்த பின் ஒருவருக்கும் எபோலா வரவில்லை.

மூன்றாண்டு கழித்து, 2018 மே மாதம், காங்கோ ஜனநாயகக் குடியரசின் ஈக்குவேட்டர் மாகாணத்தில் பரீட்சை வந்தது. பிக்கோரோ, இபோக்கோ என்ற காட்டு ஊர்களில் நோய். அங்கிருந்து, காங்கோ ஆற்றங்கரைப் பெருநகரமான எம்பண்டாக்காவுக்கும் தொற்றிவிட்டது. ஆற்று வழியே படகில் போனால் தலைநகர் கின்ஷாசா. மருந்தையோ மைனஸ் 60 பாகைக்கும் கீழே வைத்திருக்க வேண்டும். மின்சாரம் தேவைப்படாத, பல நாள் குளிர் தாங்கும் தனிக் குடுவைகளில் அடைத்து ஹெலிகாப்டரிலும் பின்பு மோட்டார் சைக்கிளிலும் கொண்டுபோனார்கள். போடக் கற்றுக்கொடுக்க வந்தவர்களில், கினியாவில் இதே வேலையைச் செய்து பழகிய ஊழியர்கள் இருந்தார்கள்.

ஆனால் அதிக நேரம் பிடித்தது ஊசி போடுவதல்ல, பட்டியல் போடுவது. இறந்தவரை யார் குளிப்பாட்டினார்கள், காய்ச்சலில் கிடந்தபோது யார் கூட இருந்தார்கள், எந்த நாட்டு வைத்தியரிடம் போனார், வண்டியில் பக்கத்தில் யார் என்று ஒவ்வொருவரையும் தேட வேண்டும். ஒரு வளையத்துக்குச் சராசரியாக 150 பேர் தேறினார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்க, அந்த ஊர்ப் பேச்சும் ஊர் உறவும் தெரிந்தவர் வேண்டும். 54 பேருக்கு நோய், 33 சாவு, 3,300க்கு மேற்பட்டோருக்கு ஊசி. ஜூலை 24ஆம் தேதி நோய் முடிந்ததாக அறிவித்தார்கள்.

ஒரே வாரத்தில் அதே நாட்டின் வேறு கோடியில், வட கிவுவில், எபோலா மறுபடி தலைகாட்டியது. அதே தடுப்பூசி, அதே வளையம். மூன்று லட்சம் பேருக்கு மேல் போட்டும் அடங்க இரண்டாண்டு ஆனது. 2,287 பேர் செத்தார்கள். ஆண்டுக்கணக்காகத் துப்பாக்கிக் கும்பல்களுக்கு நடுவே வாழ்ந்த மக்கள் அவர்கள். அவ்வளவு கொலைகள் நடந்தபோது வராதவர்கள், இந்த ஒரு நோய்க்கு மட்டும் ஏன் வரிசையாக வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். நோயைக் காரணம் காட்டி 2018 டிசம்பரில் பெனி, புட்டெம்போ நகரங்களில் அதிபர் தேர்தலைத் தள்ளிவைத்ததும், சந்தேகம் உறுதியாகிவிட்டது. சிகிச்சை நிலையங்கள் எரிந்தன; ஊழியர்கள் தாக்கப்பட்டார்கள். யாரைச் சந்தித்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பதில் இல்லாவிட்டால் வளையமும் இல்லை.

அதே காலத்தில் காங்கோவில் தட்டம்மை வந்து ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதற்கு வளையம் உதவாது. தட்டம்மைக் குழந்தை உடம்பில் தடிப்பு தெரிவதற்கு முன்பே பரப்பத் தொடங்கிவிடும். நாம் தேடிக்கொண்டு போவதற்குள் நோய் மூன்று ஊர் தாண்டியிருக்கும். நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு முன்கூட்டியே போட்டுவைப்பது ஒன்றே வழி. போலியோவும் அப்படித்தான்: கிருமி புகுந்த 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விழும், மற்றவர்களை அடையாளம் காண முடியாது. அதனால்தான் அதற்கு நாடு முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து.

2021இல் உலக அளவில் எபோலா தடுப்பூசிக்கென்று ஒரு கையிருப்பு ஏற்படுத்தினார்கள். 2025 செப்டம்பரில் காங்கோவின் கசாய் மாகாணத்தில், சாலை வசதி குறைந்த புலாபே பகுதியில் நோய் வந்தபோது கின்ஷாசாவிலேயே குப்பிகள் தயாராக இருந்தன. அறிவிப்பு வந்த பத்து நாள் வாக்கில் சுகாதார ஊழியர்களுக்கும் நோயாளிகளோடு பழகியவர்களுக்கும் ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். டிசம்பர் முதல் தேதி நோய் முடிந்தது.