தரக் கூடாத வாக்குறுதி

மே மாதம் பிறந்துவிட்டால் கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களில் திருச்சபைகளின் முகாம் விடுதிகள் நிரம்பிவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகள் போர்வையும் வேதாகமமுமாக வந்து இறங்குவார்கள். பாடல், வேதபாடம், குழு உரையாடல், விளையாட்டு என மூன்று, நான்கு நாள்கள் கழியும். அவர்களை அழைத்துச் சென்று, உடன் தங்கி, பத்திரமாக வீடு சேர்க்கும் பொறுப்பாளர்களுள் நானும் ஒருத்தி.

இப்பணியின் கடினமான பகுதி விளக்கணைத்த பிறகுதான் தொடங்குகிறது. தலைகளை எண்ண வேண்டும். காய்ச்சல்காரருக்கு மாத்திரை தர வேண்டும். வீட்டு நினைவில் அழும் பிள்ளையைத் தேற்ற வேண்டும். எந்தப் பெரியவரும் மூடிய அறையில் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது, தனியே பேச நேர்ந்தால் பிறர் பார்வை படும் இடத்தில்தான் பேச வேண்டும் என்பன எங்கள் விதிகள். முதல்முறை அவற்றைப் படித்தபோது, நம்மையே சந்தேகிக்கிறார்களே என்று மனம் சுருங்கியது.

முகாமின் கடைசி இரவு தனித்தன்மை கொண்டது. தீமூட்டத்தைச் சுற்றி அமர்ந்து பிள்ளைகள் சாட்சி சொல்வார்கள். ஜெபத்தில் பலர் அழுவார்கள். வீட்டைவிட்டு விலகியிருத்தல், தூக்கக் குறைவு, புதிய நட்பு எல்லாம் சேர்ந்து மனத்தின் கதவைத் திறந்துவிடுகின்றன. அந்தக் கண்ணீர் முழுவதையும் ஆன்மிக எழுப்புதல் என்று எண்ணிவிடுவது பெரியவர்கள் செய்யும் பிழை.

அப்படியோர் இரவில் ஒரு சிறுமி என்னருகே வந்தாள். "ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். 'சரிம்மா' என்ற சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளையாகப் பயிற்சி நினைவுக்கு வந்தது. "நீ பாதுகாப்பா இருக்க யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்றேன். நெடுநேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, உறவினர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள்.

இத்தகைய நேரத்தில் பொறுப்பாளர் செய்ய வேண்டியவை சிலவே. குறுக்குவிசாரணை செய்யாமல் கேட்க வேண்டும். 'ஏன் முன்பே சொல்லவில்லை?' என்று கேட்கக் கூடாது. பிள்ளை சொன்ன சொற்களிலேயே அன்றிரவே எழுதி வைக்க வேண்டும். பிறகு, உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதில் நம் விருப்பத்துக்கு இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தவறினால், 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதற்கும் தடை உண்டு. சமய நிறுவனத்தின் நிர்வாகியோ பணியாளரோ அந்நிறுவனத்திலேயே இக்குற்றத்தைச் செய்தால், அது மேலும் கடுமையான குற்றமாகிறது.

மறுநாள் காலை முகாம் தலைமையிடம் சொன்னபோது, "குடும்ப விஷயம், ஜெபிப்போம்" என்றார் ஒருவர். "பிள்ளையின் எதிர்காலம் என்னாவது?" என்றார் இன்னொருவர். இருவரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால், மௌனம் காத்தது பிள்ளையின் எதிர்காலத்தை அல்ல, குற்றவாளியின் நிகழ்காலத்தைத்தான். சிறுமியிடம் சொல்லிவிட்டு 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தேன். அதன்வழியே காவல் துறைக்கும் தகவல் சென்றது.

பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் பெற்றோர், இரவில் யார் உடன் இருப்பார்கள், அவர்கள் பயிற்சி பெற்றவர்களா, பிள்ளை குறை சொன்னால் யாரிடம் போகும் என்று தயங்காமல் கேட்க வேண்டும். கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

மலையிறங்கும் பேருந்தில் அந்தச் சிறுமி என்னருகே அமரவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. இறங்குமிடத்தில் அவளுடைய தாயும் உதவி மையப் பணியாளரும் காத்திருந்தார்கள். அவளுக்கு என்மீது கோபம் இருந்திருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்வதும் பொறுப்பாளரின் வேலைதான்.